மௌனா கேயாவில் சூரியன் மறைவதைப் பார்க்க வழிகாட்டி எதற்கு?

ஜனவரி 5: ஒரு வாசகரின் கேள்வி

ஹவாயின் பெரிய தீவில், மௌனா கேயா உச்சிக்கு வழிகாட்டியோடு அழைத்துச் சென்று சூரிய மறைவைக் காட்டும் பயணத்துக்கு ஆளுக்கு 200 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். எரிமலை என்கிறார்கள், ஆனால் புகையும் இல்லை, நெருப்புக் குழம்பும் இல்லை. கடற்கரையில் செலவில்லாமல் மறைகிற அதே சூரியன்தான் அங்கும் மறைகிறது. சாலையோ உச்சி வரை போகிறது. வாடகைக்கு ஒரு கார் எடுத்தால் நாமே போய்விடலாம். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பது என் முடிவு. போய் வந்தவர்கள் மறுக்க முடியுமானால் மறுக்கலாம்.

ஜனவரி 6, காலை

சூரியன் ஒன்றுதான் என்பதை நான் மறுக்கவில்லை. சாலை மேலே வரை போகிறது என்பதும் உண்மை. ஆனால் "வாடகைக்கு ஒரு கார்" என்று மூன்று சொற்களில் நீங்கள் கடந்துபோன இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் உள்ள பார்வையாளர் நிலையம் வரை எந்தக் காரும் போகும். அதற்கு மேல் ஏறத்தாழ 8 கிலோமீட்டருக்குத் தார் போடாத, செங்குத்தான சரளைச் சாலை. நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை செல்லும் வண்டியாக இல்லாவிட்டால் அங்குள்ள காவலர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட வண்டியையே வாடகைக்கு எடுத்தாலும், வாடகை ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளை ஒரு முறை படித்துப் பாருங்கள். பல நிறுவனங்கள் இந்தச் சாலையில் ஓட்டக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கின்றன. அங்கே வண்டிக்கு ஏதாவது நேர்ந்தால் செலவு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

ஏறுவது பெரிய காரியம் இல்லை, இறங்குவதுதான் காரியம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிச் செயலிழக்கும். மிகக் கீழான கியரில் போட்டு எஞ்சினின் இழுவையாலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தியபடி இறங்க வேண்டும். அதையும் சூரியன் மறைந்த பின், இருட்டும் நேரத்தில் செய்ய வேண்டும். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் பொதுமக்களின் வண்டிகள் உச்சியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்பது விதி, ஏனென்றால் அந்த நேரத்தில் உச்சியில் உள்ள பெரிய வானியல் தொலைநோக்கிகள் வேலையைத் தொடங்குகின்றன, வண்டிகளின் முகப்பு விளக்கு அவற்றுக்கு எதிரி.

சென்ற நவம்பரில் அண்ணனும் நானும் உச்சிக்குப் போய் வந்தோம். போவதற்கு முந்தைய நாள் வரை நானும் உங்கள் கட்சிதான். பணம் கட்டியவர் அண்ணன் என்பதால் வாயைத் திறக்காமல் வண்டியில் ஏறினேன்.

ஜனவரி 6, இரவு

காலையில் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சாலையையும் பிரேக்கையும் பற்றி எழுதிவிட்டு, எதைப் பார்க்கப் போனோம் என்பதை எழுதவே இல்லை. இரண்டு நாளில் எழுதுகிறேன். அதுவரை ஒரு குறிப்பு: சூரியன் மறையும் நேரத்தில் மேற்கே பார்க்காதீர்கள்.

ஜனவரி 8

"மேற்கே பார்க்காதீர்கள்" என்றது சிலருக்கு விளையாட்டாகத் தோன்றியிருக்கிறது. விளையாட்டு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பிற்பகலில் தீவின் மேற்குக் கரையான கோனா பக்கத்திலிருந்து கிளம்பி, மௌனா கேயாவுக்கும் பக்கத்து எரிமலையான மௌனா லோவாவுக்கும் இடையே தீவைக் குறுக்காகக் கடக்கும் நெடுஞ்சாலையில் ஏறினோம். பழைய ஆட்கள் அதைச் சேடில் சாலை என்கிறார்கள். இப்போது அதற்கு டேனியல் இனோவே நெடுஞ்சாலை என்று பெயர். கீழே வெயில், பாதி வழியில் மூடுபனி, தூறல். இந்த மழையில் என்ன சூரியன் தெரியப் போகிறது, பணம் போயிற்று என்று அண்ணனைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பார்வையாளர் நிலையத்துக்கு வந்தபோது மேகங்கள் எங்களுக்குக் கீழே இருந்தன.

இது தற்செயல் இல்லை. வழக்கமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். ஆனால் வாணிபக் காற்று வீசும் இந்தப் பகுதியில் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தை ஒட்டி ஓரிடத்தில் அந்த ஒழுங்கு தலைகீழாகி, குளிர்ந்த ஈரக் காற்றின் மேல் வெதுவெதுப்பான உலர்ந்த காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடுகிறது. கீழிருந்து எழும் ஈரம் அந்த மூடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே மேகமாகப் பரவி நிற்கிறது. உச்சியின் வானம் பெரும்பாலான இரவுகளில் தெளிவாக இருப்பதற்கும், உலகின் பெரிய தொலைநோக்கிகள் சில அங்கே குடியேறியதற்கும் இந்த மூடி ஒரு முக்கியமான காரணம்.

மேலே போய் இறங்கியபோது கண்முன் இருந்தது கடல் இல்லை, மேகப் பரப்பு. வடமேற்கே மௌயித் தீவின் ஹலேயாகலா, 3,055 மீட்டர் உயரமுள்ள மலை, அந்த வெண்பரப்பிலிருந்து ஒரு தீவாகத் தலைநீட்டிக்கொண்டிருந்தது. தெற்கே மௌனா லோவா அவ்வளவு பெரிய மலையாகத் தோன்றவே இல்லை; கவிழ்த்து வைத்த கேடயம்போல் சரிவு தெரியாமல் படுத்திருந்தது. எல்லோரும் மேற்கே திரும்பி, கைபேசிகளை உயர்த்தி நின்றார்கள். நானும் நின்றேன். சூரியன் மேகத்தின் விளிம்பைத் தொடப் போகும் நேரத்தில், வழிகாட்டி என் தோளைத் தொட்டுக் கிழக்கே கையைக் காட்டினார்.

அங்கே, மேகப் பரப்பின் மேல், கருநீல நிறத்தில் ஒரு முக்கோணம் விழுந்து கிடந்தது. மலையின் நிழல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டு தீவின் வடகிழக்கே உள்ள ஹமாகுவாக் கரையைக் கடந்து கடலின் மேல் போய், அதன் முனை தொடுவானத்தை எட்டி, பிறகு நிலத்தை விட்டு எழுந்து வானத்திலேயே நின்றது. அண்ணன் மேற்கே பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "அண்ணா, திரும்பிப் பாருங்கள்" என்றேன். திரும்பியவர் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டார். வழிகாட்டி தொட்டுத் திருப்பாமல் இருந்திருந்தால், நான் சிவந்த வட்டத்தின் நாற்பது படங்களோடு ஊர் திரும்பியிருப்பேன், அந்த விஷயத்தில் உங்கள் கடற்கரையே போதுமானதாக இருந்திருக்கும்.

ஜனவரி 9

மலை முக்கோணமாக இருப்பதால் நிழலும் முக்கோணமாக விழுகிறது என்று ஒருவர் விளக்கியிருக்கிறார். நானும் அங்கே நின்றபோது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மௌனா கேயா முக்கோணமே இல்லை. அதன் மேற்பகுதி பல சிறு கூம்புகள் துருத்திய அகலமான மேடு. நிழல் கூராகத் தெரிவது நாம் நிற்கும் இடத்தால் வருவது. நேரான தண்டவாளத்தின் நடுவே நின்றால் இரண்டு கம்பிகளும் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் தெரியும் அல்லவா? மலையின் நிழல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீள்கிறது, அதன் இரண்டு விளிம்புகளும் சூரியனுக்கு நேர் எதிர்ப் புள்ளியை நோக்கிக் கூடுவதுபோல் தெரிகின்றன. மலை சதுரமாக இருந்தாலும், உச்சியில் நிற்பவருக்கு அதன் நிழல் கூராகத்தான் தெரியும்.

இதன் மறுபக்கமும் உண்டு: முக்கோணத்தைக் காண நிழலைப் போடும் மலையின் மேலேயே நிற்க வேண்டும், கீழே கிழக்குக் கரை ஊரான ஹிலோவில் நிற்பவருக்கு அது வெறும் சீக்கிரம் வந்த மாலை.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

இன்னொரு கணக்கு. உயரத்தில் நின்றால் தொடுவானம் தாழ்ந்துபோகிறது, ஆகவே உச்சியில் சூரியன் கடற்கரையைவிடத் தாமதமாக மறையும். உச்சி 4,207 மீட்டர். இந்த உயரத்துக்குத் தொடுவானம் ஏறத்தாழ 1.9 பாகை தாழும். அந்த அட்சரேகையில் சூரியன் அதைக் கடக்க 8 நிமிடம் ஆகும். கடற்கரை நண்பருக்குச் சூரியன் போன பின்பும் நமக்கு 8 நிமிடம் மிச்சம். "அதே சூரியன்" என்ற வாதத்துக்கு இது என் பதில்: அதே சூரியன்தான், ஆனால் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறார்கள்.

ஜனவரி 10

நேற்றுப் போட்ட கணக்கில் தவறு. அது கடல் தொடுவானமாகத் தெரியும் நாளுக்கான கணக்கு. அன்று எங்களுக்குத் தொடுவானமாக இருந்தது 2,000 மீட்டரில் நின்ற மேகப் பரப்பு. அதற்கு மேல் எங்கள் உயரம் ஏறத்தாழ 2,200 மீட்டர்தான். அப்படியானால் தாழ்வு 1.4 பாகை, நேரம் 6 நிமிடம். இரண்டு நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

ஜனவரி 13

உடல்நிலையைப் பற்றிக் கேட்டவருக்கு. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நிழலில் மயங்கி மறந்துவிட்டேன்.

கடல் மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கு ஒரே பிற்பகலில் போகிறீர்கள். மலையேறிகள் இந்த உயரத்தைத் தொடப் பல நாள் எடுத்துக்கொள்வார்கள். இங்கே வண்டியில் உட்கார்ந்தபடி சில மணி நேரத்தில் போய்விடலாம் என்பதுதான் வசதி, அதுவே ஆபத்தும். உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 சதவீதம் மட்டுமே. பார்வையாளர் நிலையத்தில் குறைந்தது அரை மணி நேரம் நின்று உடலைப் பழக்கிக்கொள்ளச் சொல்வது சம்பிரதாயத்துக்காக இல்லை. இதய நோய், மூச்சு நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மேலே போகக் கூடாது; சிறு பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல மாட்டார்கள். பவளப்பாறை பார்க்கக் காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்கியவர்கள் 24 மணி நேரம் கழிந்த பிறகே மேலே போகலாம், இல்லாவிட்டால் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாக வெளிவரும். காலையில் கடலடி, மாலையில் மலைமுடி என்று ஒரே நாளில் திட்டம் போடுபவர்கள் இந்த வரியை மீண்டும் ஒரு முறை படியுங்கள்.

அண்ணனுக்கு வயது 58, தினமும் நடப்பவர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரைவிடப் பத்து வயது இளையவனான எனக்குத்தான் வண்டியிலிருந்து இறங்கி இருபது அடி நடந்ததும் தலை லேசாகி, காதுக்குள் நாடித்துடிப்பு கேட்கத் தொடங்கியது. உடற்பயிற்சிக்கும் உயர நோய்க்கும் பெரிய தொடர்பு இல்லை என்று படித்திருந்தாலும், உள்ளுக்குள் கொஞ்சம் மானக்கேடாகத்தான் இருந்தது. வழிகாட்டி அதை எனக்கு முன்பே கவனித்துவிட்டார். மெதுவாக நட, குனியாதே, தண்ணீர் குடி, பேச்சைக் குறை என்றார்; பேச்சைக் குறை என்றதை அண்ணன் இரண்டு முறை திருப்பிச் சொன்னார். கீழே இறங்கியதும் தலைவலி துடைத்தாற்போல் போயிற்று.

எல்லா வழிகாட்டிகளும் இப்படி இருப்பதில்லை. எங்களுக்கு முன் மேலே போயிருந்த இன்னொரு குழுவைச் சேர்ந்த ஒருவர், தங்கள் ஓட்டுநர் தாமதமாகிவிட்டதென்று அரை மணி நிறுத்தத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கிவிட்டார் என்று சொல்லியபடி பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதிவு செய்யும்போது, எங்கே, எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். குளிருக்குத் தடித்த மேலங்கி தருவீர்களா என்பதைவிட இது முக்கியமான கேள்வி. மேலங்கியும் வேண்டும்தான், வெப்பமண்டலத் தீவு என்று அரைக்கால் சட்டையோடு வந்த ஒருவர் உறைபனி நிலைக்கு அருகே காற்றில் நின்றதைப் பார்த்தேன்.

ஜனவரி 14

விண்மீன்களைப் பற்றி எழுதாததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எழுதாததற்குக் காரணம் வெட்கம்.

சூரியன் மறைந்ததும் சிறிது கீழே இறங்கி, தொலைநோக்கி வைத்து வானத்தைக் காட்டுவதும் இந்தப் பயணத்தில் அடங்கும். நாங்கள் போனது நிறைநிலவுக்கு முந்தைய நாள். நாள்காட்டியைப் பார்க்காமல் நான்தான் தேதியைத் தேர்ந்தெடுத்தேன். உலகின் மிக இருண்ட வானங்களில் ஒன்றுக்கு அடியில் நின்று, நிலவொளியில் என் கைரேகையைத் தெளிவாகப் பார்த்தேன். பால்வீதி இல்லை. வழிகாட்டி மனம் தளராமல் வியாழனையும் நிலவின் பள்ளங்களையும் காட்டினார். "ஊரிலும் நிலா இருக்கிறது, தம்பி" என்றார் அண்ணன். அமாவாசையை ஒட்டிப் போங்கள், இவ்வளவுதான் என் அறிவுரை.

விண்மீன் பார்க்க ஏன் கீழே இறங்க வேண்டும், உச்சியிலேயே பார்த்தால் என்ன என்ற கேள்விக்கு: நேரக் கட்டுப்பாடு ஒரு பக்கம் இருக்க, உச்சியில் கண்ணே மங்கிவிடுகிறது. இருட்டில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்கள் உயிர்வளிக் குறைவை முதலில் உணர்பவை. ஆகவே வெறும் கண்ணுக்கு 2,800 மீட்டரில் தெரியும் வானம் உச்சியில் தெரிவதைவிடச் செழிப்பானது. கண்ணாடியாலும் உலோகத்தாலும் ஆன கண்களுக்குத்தான் உச்சி பொருந்தும். அங்குள்ள கெக் தொலைநோக்கிகள் இரண்டிலும் 10 மீட்டர் ஆடி, ஒவ்வொன்றும் 36 அறுகோணத் துண்டுகளால் ஆனது. பால்வீதியின் நடுவில் உள்ள கருந்துளையைச் சுற்றும் விண்மீன்களை அவற்றைக் கொண்டு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததற்காகவே ஆண்ட்ரியா கெஸ் 2020இல் இயற்பியல் நோபலில் பங்கு பெற்றார்.

ஜனவரி 17

ஒரு பெரிய திருத்தம். ஜனவரி 6 அன்று "உச்சிக்குப் போய் வந்தோம்" என்று எழுதினேன். போகவில்லை.

சுற்றுலா வண்டிகள் நிற்பது தொலைநோக்கிகளின் அருகே உள்ள மேட்டில். உண்மையான உச்சி அதற்கு எதிரே உள்ள பூஉ வேகியூ என்ற கூம்பு. இடையில் ஒரு சிறு பள்ளம், பத்துப் பதினைந்து நிமிட நடை. செம்பழுப்புச் சரளை குவிந்த அந்தக் கூம்பின் மேல் மரத்தால் ஆன ஒரு சிறு பலிபீடம் இருக்கிறது. ஹவாய்ப் பழங்குடியினருக்கு இந்த மலை வானத் தந்தை வாகேயாவின் மலை. பனித் தெய்வமான பொலியாஹு வாழும் இடம். அந்தக் கூம்பில் ஏற வேண்டாம் என்று வருபவர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

இவ்வளவு தூரம் வந்து கடைசி நூறு அடியை விடுவதா என்று எனக்கு மனம் துடித்தது. வழிகாட்டி தடுக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. தான் இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட அங்கே கால் வைத்ததில்லை என்று மட்டும் சொன்னார். அதன்பின் எப்படிப் போவது? அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தச் சரளைக் கற்களுக்கு நடுவே வாழும் ஒரு பூச்சியைப் பற்றிச் சொன்னார்: வேகியூ பூச்சி, உலகில் இந்த மலை முடியில் மட்டும் இருப்பது, கீழிருந்து காற்று அடித்துக்கொண்டு வந்து குளிரில் விறைத்துப்போகும் மற்றப் பூச்சிகளைத் தின்று வாழ்கிறது. கற்களுக்கு இடையே உள்ள வெற்றிடம்தான் அதன் வீடு. மிதித்தால் வீடு நொறுங்கும். அரிசி மணி அளவுள்ள ஒன்றுக்காகத் தயங்கி நின்ற எங்களைச் சுற்றிப் பல மாடி உயரக் கட்டடங்கள் நின்றதையும் கவனித்தேன், அதை அண்ணன் வாய்விட்டே கேட்டார். வழிகாட்டி சிரித்துவிட்டு, அந்தக் கேள்விக்காகத்தான் 2019இல் மக்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள் என்றார்.

முப்பது மீட்டர்த் தொலைநோக்கி என்ற புதிய திட்டத்துக்கு எதிராக நடந்த மறியல் அது. அந்த ஜூலையில் கைது செய்யப்பட்டவர்களில் பலர் முதியவர்கள். தொலைநோக்கிகள் நிற்கும் நிலத்துக்காக ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு 1968இல் 65 ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்ட குத்தகை 2033இல் முடிகிறது. மலையைப் பராமரிக்கும் பொறுப்பைப் பழங்குடிப் பண்பாட்டைச் சேர்ந்தவர்களும் இடம்பெறும் புதிய ஆணையத்துக்கு மாற்றும் சட்டம் 2022இல் வந்தது. தொலைநோக்கிகளை வியந்து எழுதியதையும் இதையும் அருகருகே வைத்துப் படித்தால் எனக்கே இசைவாக இல்லை. இரண்டையும் அழிக்காமல் விடுகிறேன்.

ஜனவரி 18

"அப்படியானால் உச்சிப் பயணம் என்று விற்பது ஏமாற்று" என்று கேள்வி கேட்டவர் பிடித்துக்கொண்டார். சொல்லளவில் நீங்கள் வென்றீர்கள்.

நெருப்புக் குழம்பு இல்லை என்ற உங்கள் பழைய குறைக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். மௌனா கேயா கடைசியாக வெடித்து ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் ஆகின்றன. அது உறங்குகிறது, சாகவில்லை. அதன் மேல் ஒரு காலத்தில் பனியாறுகள் இருந்தன. பனியில் பட்டுச் சட்டென்று குளிர்ந்த குழம்பு, துளையில்லாத கெட்டிக் கல்லாயிற்று; பழைய ஹவாயியர் 3,700 மீட்டருக்கு மேல் ஏறிவந்து அந்தக் கல்லை உடைத்துக் கோடரி செய்தார்கள். நான் வண்டியில் ஏறி மூச்சிரைத்த உயரத்தில் அவர்கள் கல்லுடைத்தார்கள். நெருப்பு வேண்டுமானால் எதிரே இருக்கும் மௌனா லோவா 2022 நவம்பர் இறுதியில் வெடித்து, நாங்கள் வந்த நெடுஞ்சாலையை நோக்கிக் குழம்பை அனுப்பியது. சாலையை எட்டாமல் நின்றுவிட்டது. அந்த இரண்டு வாரங்களில் இங்கே நின்றவர்களுக்கு நீங்கள் கேட்ட நெருப்பும் சேர்ந்தே கிடைத்திருக்கும்.

பிப்ரவரி 16

கேள்வி கேட்டவர் போய் வந்துவிட்டார். வழிகாட்டியை ஏற்பாடு செய்யவில்லை. தம் காரில் பார்வையாளர் நிலையம் வரை போய், மனைவிக்குத் தலைசுற்றல் வந்ததால் அதற்கு மேல் முயலாமல், எதிரே உள்ள சிறு குன்றின் மேல் நின்று மேகத்துக்குள் சூரியன் இறங்குவதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். செலவு பெட்ரோல் மட்டும். அமாவாசைக்கு அருகே போனதால் பால்வீதி ஒரு கரையிலிருந்து மறுகரை வரை தெரிந்ததாம். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நிழல் தெரிந்ததா என்று கேட்டேன். மலை பின்னால் மறைத்துக்கொண்டிருந்ததால் தெரியவில்லை என்கிறார். ஆளுக்கு ஒன்று.

பிப்ரவரி 17

படங்களைப் போடச் சொல்கிறார்கள். நிழலின் படம் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. நீலத்தின் மேல் நீலமாக ஏதோ கறைபோல் இருக்கிறது. வேறொன்று என்னிடம் இருக்கிறது. மேலே குடித்து முடித்து, மூடியை இறுகத் திருகிப் பைக்குள் போட்ட தண்ணீர்ப் புட்டியை மறுநாள் காலை கோனாவில் எடுத்தேன். யாரோ கையால் பிழிந்ததுபோல் ஒட்டிப்போய்க் கிடந்தது. அண்ணன் அதைத் திறக்க விடவில்லை. மௌனா கேயாவின் காற்று உள்ளே இருக்கிறது என்று சொல்லித் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார்.